கேமராவின் குடுமி யார் கையில்?

காவலுக்கு வைத்த கேமராவைக் கலைக்குத் திருப்பியிருக்கிறார்கள் சில மும்பைக் கலைஞர்கள். அழகும் அரசியலும் டிஜிட்டல் திரையில் மோதிக்கொள்ளும் கதை இது.

முதலில் தெரிவது வானம். அப்புறம் கடல். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, கேமரா தலையைத் தாழ்த்துகிறது. கண்ணாடி போர்த்திய அடுக்கு மாடிகள், பாதியில் நிற்கும் கட்டடங்கள், கிரேன்கள், மில் தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய சால்கள் ஒவ்வொன்றாக நழுவி மேலே போகின்றன. கடைசியில் தரை. நீலத் தார்பாலின் விரித்த கூரைகள், அவற்றுக்கு நடுவே சந்துகள், சந்துகளில் மனிதர்கள். பக்கத்தில் பக்கத்தில் ஏழு பெரிய திரைகள். ஏழிலும் ஒரே சமயத்தில் மும்பை நகரம் உச்சியிலிருந்து அடிவரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. கூடவே அதிரும் தாளம். தொழிலாளர், தலித் இயக்கங்களிலிருந்து வந்த கவிதைகளும் பாடல்களும் அதில் கலந்து ஒலிக்கின்றன.

2022-ல் வெளியான இந்தப் படைப்பின் பெயர் 'பாம்பே டில்ட்ஸ் டவுன்'. உருவாக்கியது மும்பையின் 'கேம்ப்' கலைக்கூடம். அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலேயில் கூட்டத்தை நிறுத்தி வைத்த படைப்புகளில் இதுவும் ஒன்று. 2025-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 'கேம்ப்' படைப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியபோது அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், இதைப் படம் பிடித்தபோது கேமராவுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. மத்திய மும்பையில் 35 மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் பொருத்தப்பட்ட, சி.சி.டி.வி. வகையைச் சேர்ந்த கேமரா அது. கொரோனா காலத்தில், தொலைவில் இருந்தபடியே அதைத் திருப்பி, சாய்த்து, நெருக்கிப் படம் பிடித்தார்கள். திருடனைப் பிடிக்க வைக்கும் கருவி, நகரத்தின் சித்திரத்தைத் தீட்டிவிட்டது.

கலையில் அரசியல் என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது உயர்த்திய முஷ்டி, சிவப்புக் கொடி, சுவரொட்டி. படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தே அரசியலைச் சொல்லிவிடுவோம். டிஜிட்டல் கலையில் இந்தக் கணக்கு போதவில்லை. ஓவியரின் தூரிகை ஓவியருக்குச் சொந்தம். டிஜிட்டல் கலைஞரின் கேமராவும் மென்பொருளும் சர்வரும் பெரும்பாலும் வேறு யாருக்கோ சொந்தம். அவற்றில் பல ராணுவத்துக்காகவோ, போலீசுக்காகவோ, கம்பெனிகளுக்காகவோ பிறந்தவை. அந்தக் கருவியின் குடுமி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியில்தான் இங்கே அரசியல் தொடங்குகிறது. படம் அழகாக இருக்கிறதா என்ற கேள்வியை அதிலிருந்து பிரித்துவிட முடியாது.

இரண்டு திரை, ஒரு நகரம்

இந்தக் கேள்வி மும்பைக்குப் புதிதல்ல. 1969-ல் ஓவியர் அக்பர் பதம்சீ, தனக்குக் கிடைத்த நேரு ஃபெலோஷிப் பணத்தில் கேமராக்களையும் கருவிகளையும் வாங்கிப் போட்டு, 'விஷன் எக்ஸ்சேஞ்ச் ஒர்க்‌ஷாப்' என்ற கூடத்தைத் திறந்தார். ஓவியர்களும் சினிமாக்காரர்களும் கூடிப் பரிசோதனை செய்து பார்க்க ஓர் இடம். அங்கே வந்து சேர்ந்த 23 வயதுப் பெண் நளினி மலானி. கராச்சியில் பிறந்து, பிரிவினையில் குடும்பத்தோடு அகதியாக இந்தியாவுக்கு வந்தவர்.

அந்தக் கூடத்தில் அவர் எடுத்த குறும்படம் 'ட்ரீம் ஹவுசஸ்'. கட்டட மாதிரி ஒன்றை வைத்து, நேரு காலத்து நவீன இந்தியாவின் கனவு நகரத்தை வண்ண வண்ணமாகக் காட்டியது. சில ஆண்டுகளில் கனவு கலைந்தது. ஓர் இளம்பெண் நின்று மும்பையின் நெரிசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, பழைய வண்ணப் படத்தின் பக்கத்திலேயே ஓடவிட்டார். இரண்டும் சேர்ந்து 'யுடோபியா' (1969-76) ஆயின. ஒரு திரையில் ஆட்சியாளர்கள் தருவதாகச் சொன்ன நகரம், மறு திரையில் கிடைத்த நகரம். வசனமோ கோஷமோ இல்லை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்ததே விமர்சனம். அரை நூற்றாண்டு கழித்து 'பாம்பே டில்ட்ஸ் டவுன்' ஏழு திரைகளில் செய்வதற்கு இது முன்னோடி.

மலானி பின்னர் வீடியோவுக்கு வந்தார். 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளை அடுத்து அவர் உருவாக்கிய 'ரிமெம்பரிங் டோபா டேக் சிங்', பிரிவினை பற்றிய மன்ட்டோவின் புகழ்பெற்ற சிறுகதையை எடுத்துக்கொண்டது. அகதிகள் சுமந்து வந்ததைப் போன்ற தகரப் பெட்டிகளுக்குள் டி.வி. பெட்டிகளை வைத்தார். 2002 குஜராத் கலவரத்துக்குப் பிறகு வந்த 'யூனிட்டி இன் டைவர்சிட்டி' (2003), ராஜா ரவிவர்மாவின் ஓவியம் ஒன்றில் கை வைத்தது. இந்தியாவின் பல பகுதிப் பெண்கள் ஒன்றாக அமர்ந்து வாத்தியம் வாசிக்கும் அந்த ஓவியம், வேற்றுமையில் ஒற்றுமைக்கு அடையாளமாகவே பார்க்கப்பட்டு வந்தது. மலானியின் வீடியோவில் அந்த ஒற்றுமை சிதைகிறது. ஓவியத்தின் அழகை அவர் அழிக்கவில்லை. அழகு இருப்பதால்தான் சிதைவு வலிக்கிறது.

மும்பையில் பிறந்த ஷில்பா குப்தா இன்டர்நெட்டையே கையில் எடுத்தார். லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்காக 2003-ல் அவர் செய்த படைப்பு, இன்டர்நெட் வழியாக ஆசி வழங்கும் 'பிளெஸ்ட் பேண்ட்வித்'. நெட்வொர்க் கேபிள் ஒன்றைப் பல மதங்களின் வழிபாட்டுத் தலங்களுக்கும் எடுத்துப்போய் ஆசி வாங்கினார். அந்தக் கேபிள் வழியே ஆசி உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து இறங்கும்! சிரிப்பு வருகிற கற்பனைதான். ஆனால், குஜராத் கலவரம் முடிந்து ஓர் ஆண்டே ஆன நேரத்தில், எல்லாக் கடவுள்களும் ஒரே கம்பியில் வரலாம் என்று சொன்னது வெறும் வேடிக்கை அல்ல.

ஜன்னலில் தெரிந்த அண்டை வீடு

'கேம்ப்' 2007 நவம்பரில் தொடங்கியது. ஆவணப்பட இயக்குநர் ஷைனா ஆனந்த், கட்டடக்கலை படித்த அசோக் சுகுமாரன், கம்ப்யூட்டர் புரோகிராமர் சஞ்சய் பாங்கர் மூவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஆனால், இதற்கான பொறி அதற்கு முந்தைய ஆண்டே டெல்லியில் விழுந்துவிட்டது.

தெற்கு டெல்லியின் கிர்க்கி பகுதி, வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழும் இடம். 2006-ல் ஷைனா ஆனந்த் அங்கே மலிவான சி.சி.டி.வி. கேமராக்களையும், டி.வி. பெட்டிகளையும், மைக்குகளையும் கேபிளால் இணைத்தார். நான்கு இடங்களில் இருப்பவர்கள் ஒரே திரையின் நான்கு கட்டங்களில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசலாம். 'கிர்க்கீயான்' என்று பெயர். 'கிர்க்கி' என்றால் ஜன்னல். ஜூம் அழைப்பு நமக்கெல்லாம் பழகுவதற்கு 14 ஆண்டுகளுக்கு முன், காவலுக்கு வைக்கும் கருவியை வைத்தே அடுத்த தெருக்காரர்களைப் பேச வைத்துவிட்டார்.

கருவியில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. கம்பியை மட்டும் மாற்றிப் போட்டார்கள். வழக்கமான சி.சி.டி.வி.யில் படம் ஒரு பக்கமாகத்தான் போகும்: தெருவிலிருந்து கண்காணிப்பு அறைக்கு. கிர்க்கியில் அது இரண்டு பக்கமும் போனது. பார்க்கப்படுபவர் பார்ப்பவராகவும் ஆனார்.

2008-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அடுத்த அடி. கேமராக்கள் நிறைந்த அந்த நகரத்தில் பொதுமக்களை அழைத்துப்போய்க் கண்காணிப்பு அறைக்குள்ளேயே உட்கார வைத்தார் ஷைனா. தினமும் தங்களை யார் பார்க்கிறார்கள், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் நேரில் கண்டார்கள்.

இந்த வரிசையில் நெஞ்சை அறுக்கிற படைப்பு கிழக்கு ஜெருசலேமில் உருவானது. 'தி நெய்பர் பிஃபோர் த ஹவுஸ்'. வீடு பார்க்கும் முன் அண்டை வீட்டாரைப் பார் என்ற அரபுப் பழமொழியிலிருந்து எடுத்த பெயர். 2009-ல் தொடங்கிய இந்தப் பணியில், சுற்றிச் சுழன்று ஜூம் செய்யும் கண்காணிப்புக் கேமராவைப் பாலஸ்தீனக் குடும்பங்களின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அவர்களில் சிலர் சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். தாங்கள் வாழ்ந்த வீட்டை நோக்கிக் கேமராவைத் திருப்புகிறார்கள். ஜூம் செய்கிறார்கள். அங்கே இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே அவர்கள் பேசுவதுதான் படத்தின் குரல்.

இதில் படம் அழகாக இருக்கிறதா? வழக்கமான அர்த்தத்தில் இல்லை. ஜூம் அதிகமாக அதிகமாகக் காட்சி நடுங்குகிறது, மங்குகிறது. ஆனால் அந்த நடுக்கமே தூரத்தைச் சொல்கிறது. கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. ஒளிப்பதிவாளர் யாராவது கச்சிதமாக எடுத்துக் கொடுத்திருந்தால் இந்த உணர்வு வந்திருக்காது.

கடலில் மிதந்த பிக்செல்கள்

மங்கலான படத்துக்கு இருக்கும் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டியது 'ஃபிரம் கல்ஃப் டு கல்ஃப் டு கல்ஃப்' (2013). 83 நிமிடம் ஓடும் இந்தப் படத்தின் பெரும்பகுதியை எடுத்தவர்கள் மாலுமிகள். கட்ச் வளைகுடாவில் கட்டப்பட்டு, பாரசீக வளைகுடா, ஏடன் வளைகுடா என்று சரக்கு ஏற்றிச் செல்லும் மரக்கப்பல்களில் வேலை செய்பவர்கள். நமது தூத்துக்குடித் தோணிக்கு அவை ஒன்றுவிட்ட சொந்தம். பெரிய கப்பல்கள் போகத் தயங்கிய சோமாலியத் துறைமுகங்களுக்கும் போய் வந்தவை.

நடுக்கடலில் பொழுது போகாத மாலுமிகள் தங்கள் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். பிடித்த சினிமாப் பாட்டையோ கவ்வாலியையோ அதன்மேல் ஒட்டினார்கள். போனிலிருந்து போனுக்கு அது கை மாறியது. பழைய செல்போன் என்பதால் கடல் கட்டம் கட்டமாகத் தெரியும். டால்பின் துள்ளினால் பத்துப் பிக்செல் துள்ளும். 'கேம்ப்' அதைச் 'சரி' செய்யவில்லை. மாலுமிகள் ஒட்டிய பாட்டையும் அப்படியே விட்டுவைத்தது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தைப் பற்றி எத்தனையோ ஆவணப்படங்கள் வரலாம். அந்தக் கடலில் வேலை செய்பவர்கள் தாங்களே பார்த்ததும் ரசித்ததும் இதில் இருக்கின்றன.

ஜெர்மன் கலைஞர் ஹிட்டோ ஸ்டெயெர்ல் 2009-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த வகைப் படங்களுக்காகவே வாதாடியது. நகலெடுத்து, சுருக்கி, கை மாறி மாறித் தரம் இழந்த படங்களை அவர் 'ஏழைப் படங்கள்' என்றார். கூர்மையான படம் வசதி படைத்தவர்களின் அடையாளமாகிவிட்ட உலகத்தில், மங்கிய படம் எத்தனை கைகளைத் தாண்டி வந்திருக்கிறது என்பதைத் தன் உடம்பிலேயே காட்டுகிறது.

சட்டமே தூரிகையாகவும் ஆகலாம். லண்டனில் வாழ்ந்த ஆஸ்திரியக் கலைஞர் மனு லுக்ஷ், சி.சி.டி.வி.யில் பதிவான தன் படத்தைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பிரிட்டனின் தகவல் பாதுகாப்புச் சட்டம் தருகிறது என்பதைக் கவனித்தார். கேமராக்களின் முன் தானே போய் நின்றார். பிறகு மனுப் போட்டுப் பதிவுகளை வாங்கினார். கூட இருந்த மற்றவர்களின் அந்தரங்கத்தைக் காக்க, அவர்கள் முகங்கள் மறைக்கப்பட்டிருந்தன. அந்தக் காட்சிகளைக் கோத்து அவர் எடுத்த படம்தான் 'ஃபேஸ்லெஸ்' (2007). முகமே இல்லாத மக்கள் வாழும் உலகத்தின் கதை. அந்த உலகத்தின் தோற்றத்தைக் கலைஞரின் கற்பனையோடு சேர்ந்து சட்டத்தின் ஷரத்தும் தீர்மானித்தது.

அழகுக்கு விலை 6.93 கோடி டாலர்

இது ஒரு பக்கம். டிஜிட்டல் கலை என்றதும் ஊர் உலகம் நினைப்பது வேறொன்றை. 2021 மார்ச் 11-ம் தேதி 'பீப்பிள்' என்ற அமெரிக்கக் கலைஞரின் டிஜிட்டல் படம் ஒன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்குப் போனது. 2007 மே முதல் நாளுக்கு ஒன்றாக அவர் வரைந்த 5,000 படங்களின் தொகுப்பு. வாங்கியவர் 'மெட்டாகோவன்' என்ற புனைபெயரில் ஏலம் கேட்ட விக்னேஷ் சுந்தரேசன். சிங்கப்பூரில் தொழில் செய்யும் தமிழர்.

வாங்கியதற்கு அவர் தரப்பு சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. கலையை ஆதரிக்கும் புரவலராக இந்தியரும் வெள்ளையர் அல்லாத மற்றவர்களும் இருக்க முடியும் என்று காட்டவே என்றார்கள். அதுவும் அரசியல்தான். ஆனால் மாறியது புரவலரின் நிறம். புரவலர் முறை அப்படியே இருந்தது. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் இலவசமாகப் பார்க்கலாம். விற்கப்பட்டது, இது இன்னாருடையது என்று பதிவேட்டில் எழுதும் உரிமை மட்டும். 2022-ல் அந்தச் சந்தை சரிந்தபோது பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இதை முன்பே மோப்பம் பிடித்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மன் கணிதவியலாளர் ஃப்ரீடர் நாக்கே, 1965-லேயே கம்ப்யூட்டர் வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்த முன்னோடி. அவரே 1971-ல், கம்ப்யூட்டர் கலை என்று ஒன்று தேவையில்லை என்று எழுதினார். கலைச் சந்தைக்குப் புது ஃபேஷன் ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பதற்கு மேல் அது எதையும் செய்யவில்லை என்பது அவர் கோபம். கம்ப்யூட்டரை வைத்து அழகிய படம் செய்வதைவிட, அந்த இயந்திரம் சமூகத்தில் என்ன செய்கிறது என்று காட்டுவதே முக்கியம் என்று கருதினார்.

சந்தைக்கு மட்டுமல்ல, அரசுகளுக்கும் அழகு தேவைப்படுகிறது. 2025 மார்ச் கடைசியில், எந்தப் புகைப்படத்தையும் ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பாணிச் சித்திரமாக மாற்றித் தரும் வசதி சாட்ஜிபிடியில் வந்தது. குடும்பப் படம், கல்யாணப் படம் எல்லாம் ஜிப்லி ஆயின. இந்திய அரசின் 'மைகவ்' கணக்கு பிரதமரின் படங்களை அந்தப் பாணியில் வெளியிட்டது. அமெரிக்க வெள்ளை மாளிகை, நாடு கடத்துவதற்காகக் கைது செய்யப்பட்டு அழும் ஒரு பெண்ணை அதே இதமான வண்ணங்களில் சித்திரமாக்கிப் போட்டது. போருக்கு எதிரான படங்களை எடுத்த மியாசாகியின் வாழ்நாள் பாணி, ஒரு கைவிலங்குக்கு வண்ணம் பூசப் பயன்பட்டது. அரசியலை அழகாக்கிக் காட்டுவது பாசிசத்தின் வேலை என்று ஜெர்மன் சிந்தனையாளர் வால்ட்டர் பென்யமின் 1930-களில் எழுதினார். அன்று அதற்குப் பெரிய சினிமாக் கம்பெனியும் ஊர்வலமும் தேவைப்பட்டன. இன்று ஒரு வரி கட்டளை போதும்.

மேலிருந்து பார்ப்பவர் யார்?

எதிர்ப்பாளர்களின் பக்கமும் கேள்விகள் இல்லாமல் இல்லை. 'பாம்பே டில்ட்ஸ் டவுன்' குடிசைகளை 35-வது மாடியிலிருந்துதானே பார்க்கிறது? மேலிருந்து கீழே பார்ப்பது அதிகாரத்தின் பார்வை. கீழே துணி காயப் போடும் பெண்ணிடம் அனுமதி கேட்டார்களா? நியூயார்க் அருங்காட்சியகத்தின் குளிர்ந்த இருட்டில் நின்று ரசிப்பவருக்கு அந்த நீலத் தார்பாலின் வெறும் வண்ணமாகிவிடாதா?

இவை சுலபமாக ஒதுக்கிவிடக்கூடிய சந்தேகங்கள் அல்ல. படைப்பு இவற்றுக்குத் தரும் பதில் அதன் அசைவில் இருக்கிறது. மும்பையின் வீட்டு விளம்பரங்கள் எல்லாம் மேலே பார்ப்பவை: உயரமான மாடி, கடல் தெரியும் பால்கனி. இந்தக் கேமரா திரும்பத் திரும்பக் கீழே இறங்குகிறது. கோபுரம் எதன் மேல் நிற்கிறது என்று காட்டாமல் விடுவதில்லை. அது நிற்பது மில் நிலத்தில். 1982 ஜனவரியில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்து, தோற்று, கலைந்துபோன மண். மில்கள் போய் மால்கள் வந்தன. பாட்டில் ஒலிக்கும் குரல்கள் அந்த மண்ணுக்கு உரியவை. கண்ணுக்கு மேல்தளத்துப் பார்வை, காதுக்குத் தரைத்தளத்துப் பாட்டு. இரண்டும் பொருந்தாமல் உரசுகின்றன. அந்த உரசலை உணராமல் நீலத்தை மட்டும் ரசிக்க ஒருவரால் முடியும்தான். அந்த ஆபத்திலிருந்து எந்த அழகிய படைப்பும் தப்பியதில்லை.

இன்னொரு பதில், திரைக்கு வெளியே இருக்கிறது. 2008-ல் 'கேம்ப்', பெங்களூரின் ஆல்டர்னேட்டிவ் லா ஃபோரம், மும்பையின் மஜ்லிஸ், பாயின்ட் ஆஃப் வியூ, பெர்லினின் ஒரு குழு ஆகியவை சேர்ந்து 'பேட்.மா' என்ற வீடியோ காப்பகத்தைத் தொடங்கின. ஆவணப்படக்காரர்கள் எடுத்து, படத்தில் சேர்க்காமல் பெட்டியில் போட்டு வைத்த காட்சிகளுக்கு அங்கே இடம். நிமிடத்துக்கு நிமிடம் குறிப்பு எழுதி, யாரும் தேடிப் பார்க்கும்படி இன்டர்நெட்டில் திறந்து வைத்தார்கள். 2013-ல் இந்திய சினிமாவுக்கும் இப்படி ஒரு தளம் வந்தது. ஒரே ஒரு பிரதியை ஏலம் விடுவதற்கு நேர் எதிர்த் திசை இது. பார்க்க அழகாக ஒன்றுமில்லை. ஆனால் நாளைய கலைஞருக்கும் வழக்கறிஞருக்கும் தேவையான கச்சாப்பொருள் அங்கே இருக்கிறது.

இதெல்லாம் கலைக்கூடத்துச் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த கம்பேரிடெக் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்கில், ஒரு சதுர மைலுக்கு அதிக சி.சி.டி.வி. கேமரா கொண்ட உலக நகரங்களில் டெல்லி முதலிடம் பிடித்தது. 1,800-க்கு மேல். சென்னைக்கு மூன்றாவது இடம். 600-க்கு மேல். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது.

டீக்கடை வாசலில், பஸ் ஸ்டாண்டில், கோயில் மதிலில், அபார்ட்மென்ட் லிஃப்டில் நாம் தினமும் நடித்துக்கொண்டிருக்கிறோம். நாம் நடித்த படத்தை நாம் பார்த்ததில்லை. மான்செஸ்டரில் சிலர் கண்காணிப்பு அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். லண்டனில் ஒருவர் மனுப் போட்டு வாங்கினார். கிர்க்கியில் கம்பியைத் திருப்பிப் போட்டதும் பக்கத்துத் தெரு தெரிந்தது. நம் தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் கேமராவின் கம்பி எங்கே போகிறது என்று விசாரித்துப் பார்க்க, கலைஞராக இருக்க வேண்டிய அவசியமில்லை.